பேச்சியம்மாள் என்கிற கனல்மொழி

வரிசையாகச் சொல்கிறேன், தம்பி. வரிசை முக்கியம். மேடையில் ஏறினால் முதலாவது, இரண்டாவது என்று எண்ணிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இடையில் கிடப்பதை எடுத்து முன்னால் போட்டால், கேட்கிறவனுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் கொட்டாவி வரும்.

முதலாவது அநீதி என் அப்பா செய்தது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தி, மில்லில் நூல் சுற்றும் பாபின் பொறுக்கச் சேர்த்தார். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் துண்டறிக்கையும் மாநாட்டு மலரும்தான். என் தமிழ் அங்கிருந்து வந்தது. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட இப்படித்தான் கேட்பேன்.

இரண்டாவது, மில் நிர்வாகம். சங்கு ஊதின பிறகும் மிஷினை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டாதே என்றேன். தூண்டிவிட்டான் என்று வேலையை விட்டு நீக்கினார்கள்.

மூன்றாவது, என் சங்கம். அதை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தில் நான் சிறைக்குள் இருந்தபோது, வெளியே இருந்தவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எனக்குச் செய்தித்தாள் பார்த்துத்தான் தெரியும்.

நான்காவது, கட்சி. என்னை நீக்கினார்கள். நீக்கியதுகூடப் பெரிதில்லை. என்னைப் பற்றிய கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை. ஒரு மனிதனைப் பற்றி அவன் இல்லாத இடத்தில் முடிவெடுப்பதைவிடக் கேவலம் உலகத்தில் கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, மில்லை மூடி, இடித்து, பிளாட் போட்டு விற்றார்கள். முதலாளியுடைய அம்மா பெயரில் ஒரு நகர். எங்கள் கொடிக்கம்பம் நின்ற இடத்தில் இப்போது பியூட்டி பார்லர்.

ஆறாவது, என் துணைவிக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. வலது பக்கம். இதே ஆஸ்பத்திரியில்தான் மார்பை எடுத்தார்கள். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அது அவளுக்கு வந்தது, உமக்கு எப்படி அநீதி என்கிறீர்களா? அவள் வேறு, நான் வேறு என்று பிரித்துப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. அவள் உள்ளே படுத்திருந்தாள், நான் வெளியே நின்றேன். பெண்கள் வார்டில் ஆண்களை விட மாட்டார்கள். கூட இருந்து வாந்தி பிடித்தது, துணி துவைத்தது எல்லாம் தங்கபுஷ்பம், மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் இவளோடு வேலை பார்த்தவள். நான் அந்த நாட்களில் மருந்துத் தட்டுப்பாடு பற்றி ஒரு துண்டறிக்கை தயாரித்தேன். ஊரே பேசிய துண்டறிக்கை.

ஏழாவது, இன்றைக்கு நடப்பது. அதைச் சொல்லத்தான் முந்தைய ஆறையும் சொன்னேன். நீங்கள் உங்கள் அம்மாவுக்காக வந்திருப்பதாகச் சொன்னீர்கள். காலில் சதை ஒட்டுகிறார்கள் என்றீர்களா? சரி. உங்கள் அம்மாவுக்குத் தேவை இருக்கிறது. நடக்க வேண்டும். என் துணைவிக்கு என்ன தேவை? வயிற்றுச் சதையை அறுத்து எடுத்து, மார்பு இருந்த இடத்தில் வைத்து, ரத்தக் குழாயோடு குழாயை இணைத்துத் தைத்து, மார்பு போல ஒன்று செய்வார்களாம். நாள் முழுக்க ஆகுமாம். அறுபது தாண்டிய உடம்பு. நாள் முழுக்க மயக்கத்தில்.

அதை விடுங்கள்.

அந்தக் கதவைப் பாருங்கள். அது திறந்தால் ஒரு சிஸ்டர் வருவார். கையில் இருக்கிற தாளைப் பார்த்து நோயாளியின் பெயரைச் சத்தமாக வாசிப்பார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களை அழைத்து, அவர்கள் முன்னால் இன்ன ஆள், இன்ன ஆபரேஷன் என்று சரிபார்த்த பிறகுதான் வண்டியை உள்ளே தள்ளுவார்கள். போன தடவை சாட்சி நான், வாசித்தபோது நான்தான் எழுந்து போய் நின்றேன். வேறு எதுவும் வேண்டாம், இன்றைக்கும் நான் போய் நிற்க வேண்டும். அவள் உள்ளே போகும்போது பக்கத்தில் நிற்கிற ஆள் நானாக இருக்க வேண்டும். அந்தக் கோரிக்கை ஒன்றுதான் மிச்சம்.

பெயர் என்றேனே. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் பேச்சியம்மாள். சாமி பெயர். எங்களுடையது சீர்திருத்தத் திருமணம். ஐயர் இல்லை, தாலி இல்லை, மேளம் இல்லை. மாலை மாற்றிய கையோடு மைக்கைப் பிடித்து, "இன்று முதல் இவர் பேச்சியம்மாள் அல்ல, தோழர் கனல்மொழி" என்று அறிவித்தேன். எப்படிக் கைதட்டினார்கள் தெரியுமா! அவளுக்கே அங்கேதான் தெரியும். முகத்தில் அப்படியொரு திகைப்பு. அத்தான், மச்சான் என்றெல்லாம் கூப்பிடக் கூடாது, தோழர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்றேன். இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். ஆதார், காப்பீட்டு அட்டை, அதில் எல்லாம் பழைய பெயர் கிடக்கிறது. போன தடவை இங்கே பதியும்போது நான் விடவில்லை. 'பேச்சியம்மாள் என்கிற கனல்மொழி' என்று எழுதினால்தான் ஆச்சு என்று கவுன்டரில் நின்றேன். எழுதினார்கள். சிஸ்டர் அப்படித்தான் வாசித்தார்.

என் பெயரா? உச்சிமாகாளி. ஆமாம், அதுவும் சாமி பெயர்தான். மாற்றலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. வழக்குகளில் எல்லாம் அந்தப் பெயர் ஏறிவிட்டது. தொழிலாளிகளுக்கும் அது பழகிவிட்டது.

சரி, ஏழாவதுக்கு வருகிறேன். இது எங்கே ஆரம்பித்தது என்றால், போன மே தினத்தில்.

மில் இல்லை, சங்கம் இல்லை, ஆனாலும் மே தினத்துக்கு எங்கள் தெருமுனையில் நான் கொடி ஏற்றுவேன். பழைய ஆட்கள் கொஞ்சம் பேர் வருவார்கள். கனல்மொழி கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பாள், எல்லா வருடமும் அப்படித்தான். அவளாகப் பஞ்சு அடைத்து ஒரு சின்னப் பை தைத்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். எனக்கு அது தெரியாது. நான் அதையெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை. கொடி ஏறியது. முழக்கம் போட்டேன். எல்லோரும் கையை உயர்த்தினார்கள். அவளும் உயர்த்தினாள். அந்தப் பை நழுவி, சேலைக்கு வெளியே வந்து, கொடிக்கம்பத்து அடியில் விழுந்தது.

யாரும் எடுக்கவில்லை. எல்லோருக்கும் அது என்னவென்று தெரிந்துவிட்டது. பெண்கள் குனிந்துகொண்டார்கள். ஆண்கள் கொடியைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண ஆள் என்ன செய்வான்? பார்க்காத மாதிரி இருப்பான். நான் அப்படிப்பட்டவன் இல்லை. மைக்கைப் பிடித்தேன். "தோழர்களே! ஏன் தலையைக் குனிகிறீர்கள்? என் துணைவிக்கு ஒரு மார்பு இல்லை. நோய் தின்ற உடம்பு இது. இருபது வருடம் ரீலிங்கில் நூல் சுற்றிய உடம்பு இது. இதில் வெட்கம் எங்கே வந்தது?" என்று ஆரம்பித்து, பெண்ணை உறுப்பாகப் பார்க்கிற சமுதாயத்தை ஒரு பிடி பிடித்தேன். தம்பி, என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே அதுதான் சிறந்த பேச்சு. அழுதார்கள். டீக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து நின்று கேட்டார்.

அவள் என்ன செய்தாளா? குனிந்து அந்தப் பையை எடுத்தாள். மண்ணைத் தட்டினாள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது. பேச்சு முடிகிறவரை கையிலேயே வைத்திருந்தாள். பேச்சு கொஞ்சம் நீளம்தான். முடித்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணவில்லை. தனியாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். வெயில் அதிகம், போயிருப்பாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு நாள் சாப்பாடு வைத்துக்கொண்டே சொன்னாள். "தோழர், இந்தத் தடவை செக்கப்புக்குப் போனப்ப ஒரு டாக்டரம்மாவப் பாத்தேன். திரும்ப வச்சுத் தைக்க முடியுமாம். என் வயித்துச் சதையிலயே. காப்பீட்டு அட்டையிலயே பாத்துக்கிடலாமாம்."

"எதைத் திரும்ப?" என்றேன்.

"எதைன்னு கேக்கியளே. ஊருக்கெல்லாம் மைக்குல சொன்னியள்லா, அதத்தான்."

நான் பொறுமையாக விளக்கினேன். முழு உடம்பு என்பது சந்தை உண்டாக்கிய கற்பனை. அழகு என்பது வியாபாரம். இதைப் பற்றி ஒரு பழைய துண்டறிக்கையே என்னிடம் இருக்கிறது, தருகிறேன் என்றேன். அவள் ரசம் ஊற்றினாள்.

"ஒரு கோரிக்கை வைத்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்" என்றேன்.

"எனக்கு வேணும்."

"அது காரணமில்லை."

"எனக்கு வேணும் தோழர். அதுக்கு மேல என்ன காரணம் சொல்ல?"

நான் நினைத்திருந்தால் முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். எத்தனை புருஷன்கள் அப்படி! நான் அப்படிச் செய்யவில்லை. ஜனநாயகம்தான் என் உயிர். ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கூட்டம் போட்டேன். எங்கள் வீட்டில் எல்லா விஷயத்துக்கும் கூட்டம்தான். மகனுக்குப் பைக் வாங்கியது, மாடியில் தகரம் போட்டது, எல்லாம் தீர்மானம் போட்டு நிறைவேற்றியதுதான். நிகழ்ச்சி நிரல், ஒன்று, தண்ணீர் மோட்டார் பழுது. இரண்டு, தோழர் கனல்மொழியின் கோரிக்கை. தலைமை நான். என் மகன் செம்பரிதி, மருமகள் ஆவுடைச்செல்வி, இவள். டீயும் இவள்தான் போட்டாள்.

மோட்டார் ஏகமனதாக முடிந்தது. இரண்டாவதுக்கு நான் இரு தரப்பு வாதங்களையும் எடுத்துவைத்தேன். அவள் தரப்பையும் நானே எடுத்துச் சொன்னேன், அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. பிறகு ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றேன். அவள் மட்டும் உயர்த்தினாள். இடது கையை. வலது கை அந்த ஆபரேஷனுக்குப் பிறகு முழுசாகத் தூக்க வராது, வலிக்கும். எதிர்ப்பவர்கள் என்றேன். நான் உயர்த்தினேன். செம்பரிதி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், "அம்மா, ரிஸ்க்குமா. இந்த வயசுல ஏதாவது ஆச்சுன்னா?" என்று சொல்லிக்கொண்டே உயர்த்தினான். மருமகள் "அத்தை உடம்பு, அத்தை இஷ்டம், நான் எதுக்கு மாமா கையத் தூக்கணும்?" என்றாள். நடுநிலை என்று குறித்துக்கொண்டேன். தீர்மானம் தோற்றது.

இவள் "சரி" என்றாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. நான் அதைக் கட்டுப்பாடு என்று நினைத்தேன்.

பிறகு தங்கபுஷ்பம் அடிக்கடி வர ஆரம்பித்தாள். வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மருமகளும் சேர்ந்துகொள்வாள். உள்ளே ஒரே சிரிப்பு. என் துணைவி அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. ஒரு நாள் கதவைத் தட்டி, "என்ன விவாதம்?" என்றேன்.

தங்கபுஷ்பம்தான் திறந்தாள். அவளுக்கு வாய் நீளம். "அண்ணாச்சி, ஒரு சந்தேகம். போன வருஷம் நீங்க பல் செட் கட்டுனியளே, அதுக்குக் கூட்டம் போட்டியளா? யாரு யாரு கை தூக்குனா?"

"பல் இல்லாமல் மேடையில் சொல் வராது. அது பொதுக் காரியம்."

"அப்ப இது தனியார் காரியமா? சரி, தனியார் காரியத்துக்கு உங்க சங்கத்துல என்ன வேல? போங்க அண்ணாச்சி, போய் மோட்டாரப் பாருங்க."

உள்ளே இவள் சிரிக்கிறாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு பையில் துணிமணி அடுக்கிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். "அட்மிஷன் போட்டுட்டாங்க தோழர்."

"கூட்டத்தில் தீர்மானம் தோற்றது. நீயும் அதில் கலந்துகொண்டாய்."

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை தம்பி. கோபம் இருந்திருந்தால் எனக்கு வழி தெரியும். கோபத்தோடு பேச்சுவார்த்தை நடத்தலாம். "அது உங்க கூட்டம் தோழர்" என்றாள். அவ்வளவுதான். மறுபடி துண்டை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சரி, ஆஸ்பத்திரி வாசலில் உண்ணாவிரதம் இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். செய்திருக்கிறேன், எத்தனையோ முறை. பழைய தோழர் ஒருவரிடம் பந்தலுக்குச் சொல்லிவிட்டேன். அவர், "செய்வோம். கோரிக்கை என்ன? பந்தல்ல வைக்கத் தட்டி எழுதணும்லா" என்றார். எழுத உட்கார்ந்தேன். என் தட்டி எழுத்து இந்த ஊரில் பெயர் போனது. தூரிகையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வரி வரவில்லை. 'வழங்கு' என்று எழுதுவதா? யாரும் எதையும் மறுக்கவில்லை. 'வழங்காதே' என்றா? அப்படி ஒரு கோரிக்கையை நான் வாழ்நாளில் எழுதியதில்லை. யாரை எதிர்த்து? அரசாங்கம் இலவசமாகச் செய்கிறது. டாக்டர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள். எதிரே ஆளே இல்லை. சாயம் தூரிகையிலேயே காய்ந்துவிட்டது.

கடைசியாக அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். டாக்டர் நஸ்ரின். சின்னப் பெண். உட்காரச் சொல்லி, ஒரு தாளில் படம் வரைந்து, எங்கே அறுப்போம், எங்கே தைப்போம், எந்தக் குழாய் எதோடு சேரும் என்று காட்டினார். முதல் நாட்களில் சதைக்கு ரத்தம் போகிறதா என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். சில பேருக்கு ஒட்டாமல் போவதும் உண்டு, மறைக்கவில்லை, அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன் என்றார். எனக்கு அந்தப் படம் பாதிக்கு மேல் தெரியவில்லை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கண்ணாடிதான் காரணம்.

"டாக்டர், நான் கணவன். என் ஒப்புதல் இல்லாமல் இது நடக்கிறது" என்றேன்.

"உங்களுக்குச் சங்கடமா இருந்தா நான் மறுபடியும் விளக்குறேன் ஐயா. ஆனா கையெழுத்து அம்மாவோடது போதும். இங்க கணவர் கையெழுத்து கேக்குறதில்ல."

"எல்லா ஆஸ்பத்திரியிலும் கேட்கிறார்களே?"

"இங்க ரொம்ப வருஷமாவே கேக்குறதில்ல. எங்க பெரிய சிஸ்டர் சொல்வாங்க. முந்தி ஒரு மில் பொண்ணுக்குப் புருஷன் ஊர்ல இல்ல, கையெழுத்து இல்லன்னு ஆபரேஷனத் தள்ளிப்போட்டு, அந்தப் பொண்ணு இறந்துபோச்சாம். யாரோ ஒரு சங்கத்து ஆளு ஜனங்களத் திரட்டிட்டு வந்து வாசல்லயே உக்காந்துட்டாராம். பெண்ணோட உடம்புக்குப் பெண்ணோட கையெழுத்து போதும்னு எழுதி வாங்கிட்டுத்தான் எழுந்திரிச்சாராம்."

தம்பி, அந்த ஆள் நான். கணவனாக வந்து கேட்கும்போது அது நினைவுக்கே வரவில்லை.

என் வாழ்க்கையில் நான் முழுசாக ஜெயித்த போராட்டம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பாதியில் விற்கப்பட்டது, மடக்கப்பட்டது, மூடப்பட்டது. இந்த ஒன்றை மட்டும் யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை. மாரியம்மாளோ மாரித்தாயோ, அந்தப் பெண்ணின் பெயர் மறந்துவிட்டது. 'பெண்ணின் உடம்புக்குப் பெண்ணின் கையெழுத்து போதும்.' அந்தத் தட்டியை எழுதியது இந்தக் கை.

சொன்னேன். "அது நான்தான் டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். சொன்னால் ஒரு சலுகை கிடைக்கும் என்றுகூட நினைத்தேன், ஏன் மறைக்க வேண்டும்?

அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். கையைக் குவித்தார். "ஐயா, நீங்களா? நான் இங்க சேர்ந்ததுலேருந்து இந்தக் கதைய எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? ரொம்ப நன்றி ஐயா" என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. எதிரில் இருக்கிறவர் எழுந்து நின்று நன்றி சொன்னால் என்ன முழக்கம் போடுவீர்கள், சொல்லுங்கள். நானும் பதிலுக்குக் கை குவித்தேன். வெளியே வந்தேன். படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் வார்டு வாசலில் நின்றேன். அவள் வெளியே வந்தாள். வயிற்றில் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள், சேலைக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது. "சாப்பிட்டியளா தோழர்?" என்றாள். ஆவுடை சமைத்து வைத்திருப்பாள், குழம்பைச் சுட வைத்துச் சாப்பிடுங்கள் என்றாள். நான் அவளுக்கு என்னவோ சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். பெரிய ஆபரேஷன், மயக்கம் எல்லாம் இருக்கிறதே. ஆனால் எனக்கு ஒரு ஆளிடம் பேசிப் பழக்கமில்லை. கூட்டம் இருந்தால் வரும். "இது ஒரு சமுதாயப் பிரச்சினை" என்று ஆரம்பித்தேன். அவள், "மணி அடிச்சுட்டாங்க, வாட்ச்மேன் சத்தம் போடுவாரு, போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பயமா? எனக்கா? லத்திக்கே பயப்படாதவன். அவள் உயிரோடு வர வேண்டும் என்றுதான் நான் எதிர்த்ததே. அதை ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை என்கிறீர்களா? அது வாதம் இல்லையே, தம்பி. அதைத் தீர்மானத்தில் எப்படி எழுதுவது?

இருங்கள். கதவு திறக்கிறது.

அதே சிஸ்டர்தான். கையில் தாள் இருக்கிறது. என் சட்டைக் காலரைப் பாருங்கள், சரியாக இருக்கிறதா? துண்டு?

"பிளாஸ்டிக் சர்ஜரி கேஸ். பேச்சியம்மாள்."

இதுதான். இல்லை, இருங்கள், முழுசாக வாசிக்கட்டும். அரைப் பெயருக்கு எழுந்திருக்கக் கூடாது. அடுத்து 'என்கிற' என்று வரும். போன தடவை அப்படித்தான் வந்தது.

தாளைத் திருப்புகிறார்.

"பேச்சியம்மாள் சாட்சிங்க யாரு? ரெண்டு பேரு வரணும்."

வரவில்லை. 'என்கிற' வரவில்லை. நான்தான் அன்றைக்குக் கவுன்டரில் சொல்லி எழுத வைத்தேனே. இந்தத் தடவை யார் பதிந்தது?

அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில். தங்கபுஷ்பம் எழுந்துவிட்டாள். பின்னாலேயே என் மருமகள். நடுநிலை வகித்தவள். காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தார்களா? நான் உங்களிடம் பேசிக்கொண்டே இருந்ததில் கவனிக்கவில்லை.

சிஸ்டர்! சிஸ்டர், நான் இருக்கிறேன். கணவன். உச்சிமாகாளி.

"நீங்க உக்காருங்க ஐயா. சாட்சிங்க மட்டும் வந்தா போதும்."

பார்த்தீர்களா, எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்.

வண்டி வந்துவிட்டது. பச்சைத் துணி போர்த்தியிருக்கிறார்கள். தலையில் அந்தக் குல்லா. முடியை உள்ளே தள்ளிக் கட்டினால் அவள் முகம் எவ்வளவு சின்னதாக இருக்கிறது. தம்பி, இங்கே பார்க்கிறாள். கையை அசைக்கிறாள். எனக்குத்தான். இல்லை, தங்கபுஷ்பத்துக்கா? நான் இங்கிருந்து அசைத்தால் தெரியுமா?

"அம்மா, இந்தத் தாள்ல இருக்கிறத நீங்களே வாசிங்க. உங்க பேர, என்ன ஆபரேஷன்னு. சாட்சிங்களுக்குக் கேக்கிற மாதிரி."

அவள் வாசிக்க மாட்டாள். கூட்டத்துக்கு முன்னால் வாய் திறந்து பழக்கமே இல்லை. எப்போதும் நான்தான் அவளுக்காக... நான் போய்ச் சொல்கிறேன். கையை விடுங்கள், தம்பி. விடுங்கள்.

மருமகள் மடியிலிருந்து கண்ணாடியை எடுக்கிறாள். அவளுக்கு மாட்டிவிடுகிறாள். தங்கபுஷ்பம் தாளைப் பிடித்துக்கொள்கிறாள். உதடு அசைகிறது. ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஃபேன் சத்தம்.

"சத்தமா வாசிங்கம்மா. எல்லாருக்கும் கேக்கணும்."

இப்போது வாசிக்கிறாள். கேட்கிறதா? இவ்வளவு குரல் அவளிடம் எங்கே இருந்தது?

"பேச்சியம்மாள்."